முப்பத்தேழாவது வீடு

கீழக்கல்லுமேட்டில் வீடுகள் இடம் மாறிய அந்த ஆவணி மாதக் காலையில், கொம்பையா கொத்தனார் வேப்பங்குச்சியைக் கடித்துக்கொண்டே பின்கதவைத் திறந்தபோது, பதினோரு வருஷமாக அங்கே நின்றிருந்த சுப்புக்கனியின் வீட்டைக் காணவில்லை. வீடு இருந்த இடத்தில் வெறும் கட்டாந்தரை கிடந்தது, அதற்கப்பால் பொட்டல், பொட்டலுக்கு அப்பால் வானம். தூக்கக்கலக்கம் என்று நினைத்துக் கதவைச் சாத்திவிட்டு மறுபடி திறந்து பார்த்தார். வானம்தான் இருந்தது. முன்கதவைத் திறந்தார். எதிர்வீட்டையும் காணோம். தெருவில் இறங்கி மேற்கே பார்த்தார், பத்து வீடு. கிழக்கே பார்த்தார், வீடு, வீடு, வீடு, எண்ணி முடிக்கும் முன்னே கண் கூசியது. முந்தின நாள் பொழுது சாயும்வரை வரிசைக்கு ஆறாய் ஆறு வரிசை நின்ற குடியிருப்பு, பொட்டலின் குறுக்கே ஒற்றை வரிசையாய், கோடு போட்டதுபோல ரெண்டு பர்லாங்குக்கு மேல் நீண்டு கிடந்தது.

ஒரு சுவரிலும் கீறல் இல்லை. ஒரு ஓடும் நழுவவில்லை. உறியில் தொங்கிய தயிர்ப்பானை ததும்பக்கூட இல்லை. சுவரில் ஒட்டியிருந்த பல்லி ஒட்டின இடத்திலேயே இருந்தது. நகர்ந்தபோது யாருக்கும் விழிப்பு வரவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து போவதுபோலக் கனவு வந்தது என்று மட்டும் சில பேர் சொன்னார்கள்.

அணை கட்டி ஊர் தண்ணீருக்குள் போனபோது முப்பத்தாறு குடும்பத்துக்கு அரசாங்கம் கட்டிக் கொடுத்த ஓட்டு வீடுகள் அவை. முப்பத்தாறுக்கும் மூலைமட்டம் வைத்து நூல் பிடித்தவர் கொம்பையாதான். எந்த வீட்டு வாசல் நிலைக்கு எந்தப் பக்கம் காற்று வரும், எந்தச் சந்தில் மழைத்தண்ணீர் தேங்கும் என்பதெல்லாம் அவருக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். அப்படிப்பட்ட மனிதர் அன்றைக்குத் தன் வீட்டு வாசலில் நின்று, பக்கத்து வீடு யாருடையது என்று தெரியாமல் விழித்தார்.

"யாரு வீடு இது?" என்று கதவைத் தட்டிக் கேட்டார்.

உள்ளேயிருந்து ஒரு பெண்குரல், "எங்க வீடுதான், நீங்க யாரு?" என்று கேட்டது.

இப்படியே அந்தக் காலை முழுவதும் ஊர் தன்னைத் தானே தேடிக்கொண்டிருந்தது. கொடியில் காய்ந்த சேலையைத் தேடிப் போனவள் ஒன்பது வீடு நடந்தாள், காய்கறி கடன் கேட்கக் கிண்ணத்தோடு கிளம்பியவள் பதினாலு வீடு தாண்டிப்போய் எதற்கு வந்தோம் என்பதை மறந்து திரும்பினாள், ஆடுகள் பழைய இடத்துக்கே போய் வெறுந்தரையைச் சுற்றிச் சுற்றி வந்து கத்தின, ஆறு வருஷமாகப் பேசாமல் முதுகைக் காட்டிக்கொண்டிருந்த அண்ணன் தம்பி ரெண்டு பேர் வீடும் ஒட்டி ஒட்டி வந்து நின்றுவிட, வேறு வழியில்லாமல் இருவரும் ஒரே வேலிக்கு முள் வெட்டப் போனார்கள். பால்காரர் மட்டும் சந்தோஷப்பட்டார். "சந்து சந்தா வளைய வேண்டாம், ஒரே ஓட்டமா போயிறலாம்," என்றார். மூன்றாம் நாள் கிராம அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து, வரைபடத்தைத் தலைகீழாகவும் நேராகவும் பிடித்துப் பார்த்து, 'நேரில் கண்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மோர் குடித்துவிட்டுப் போனார். அந்த வார முடிவுக்குள், வீடு நகர்ந்ததைப் பற்றிய பேச்சு ஓய்ந்து, நடக்க வேண்டிய தூரத்தைப் பற்றிய பேச்சு மட்டும் மிஞ்சியது.

ஏனென்றால் தண்ணீர்த்தொட்டி நகரவில்லை. அது மேற்கு ஓரத்தில் நின்ற இடத்திலேயே நின்றது. முன்பெல்லாம் எந்த வீட்டுக்காரியும் வெற்றிலை போட்டு மெல்லுவதற்குள் குடத்தோடு வீடு திரும்பிவிடுவாள். இப்போது கிழக்குக் கோடியில் கிடந்தது ஊர்த்தலைவர் அய்யாத்துரையின் வீடு. அவர் மனைவி தங்கபுஷ்பத்துக்கு முழங்கால் வலி. ஒரு குடம் தண்ணீருக்கு முப்பத்தாறு வாசலைக் கடந்து போய், முப்பத்தாறு வாசலைக் கடந்து வரவேண்டும். வழியில் மூன்று இடத்தில் குடத்தை இறக்கிவைத்து உட்கார்ந்தாள்.

அவள் உட்கார்ந்த மூன்றாவது இடத்துக்கு எதிரில் இருந்தது வடிவின் வீடு.

கொம்பையாவின் ஒரே மகள் செண்பகவடிவு. அந்த வருஷம் சித்திரையில் புருஷன் வீட்டிலிருந்து ஒரு சூட்கேஸும் தையல் மிஷினுமாக வந்து இறங்கியவள், "இனிப் போகமாட்டேன்ப்பா," என்று ஒரே ஒரு சொல் சொன்னாள். அவர் காரணம் கேட்கவில்லை. அவளுடைய இடது கை மணிக்கட்டு நேராக இல்லை என்பதைக் கொத்தனார் கண் பார்த்துவிட்டது. அம்மா பூலம்மா மட்டும் அழுதுகொண்டே, "இங்கேயே நம்மகூட இருந்துக்கோ," என்றாள். அதற்கு வடிவு சம்மதிக்கவில்லை. "உங்க வீட்டுல இருந்தா நான் என்னைக்காவது திரும்பிப் போகவேண்டியவம்மா. என் வீட்டுல இருந்தாத்தான் இருக்கிறவ," என்றாள். அதனால் கொம்பையா தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே, ஓர் ஆள் போகிற சந்து விட்டு, ஒற்றை அறையும் அடுப்படியுமாக ஒரு வீடு கட்டினார். ஆவணி வளர்பிறையில் பால் காய்ச்சி அவளைக் குடிவைத்தார்கள். மறுநாள் விடிந்தபோதுதான் ஊர் ஒற்றை வரிசையாகக் கிடந்தது. பக்கத்தில் கட்டிய வீடு, பதினெட்டு வீடு தள்ளிப் போயிருந்தது.

ஊருக்கு இது உறைக்க அதிக நாள் ஆகவில்லை.

"புதுசா என்ன நடந்துச்சு? ஒரு வீடு. அவ்வளவுதான?" என்று அய்யாத்துரை கேட்க ஆரம்பித்தார். கேள்வி வாசல் வாசலாக நடந்து கொம்பையாவின் காதுக்கு வந்தபோது அவர் பதறிப்போனார். பதற்றத்துக்கு அடியில், ஒருவேளை அதுதான் நிஜமோ என்றும் இருந்தது. அன்றைக்கே பதினெட்டு வீடு நடந்து மகளிடம் போனார்.

வடிவு யாருக்கோ ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள்.

"உன் வீட்டால ஊரு இப்படி ஆச்சுன்னு சொல்லுதாக. நீ பன்னெண்டு வரைக்கும் படிச்சவ. என்னதான் இது?"

அவள் மிஷினை நிறுத்திவிட்டு, பித்தான் டப்பாவைத் தரையில் கொட்டினாள். முப்பத்தாறு பித்தானை எண்ணி எடுத்தாள். ஆறு வரிசையாக ஆறு ஆறு வைத்தாள். கலைத்துவிட்டு நாலு வரிசையாக ஒன்பது ஒன்பது வைத்தாள். பிறகு மூன்று வரிசையாகப் பன்னிரண்டு, ரெண்டு வரிசையாகப் பதினெட்டு.

"பாத்தீகளா, எப்படி வச்சாலும் வரிசை மூளியில்லாம முடியுது. ஆறு, நாலு, ஒம்பது, மூணு, பன்னெண்டு, ரெண்டு, பதினெட்டு எல்லாம் முப்பத்தாறுக்குக் காரணிங்க. அதை மிச்சமில்லாம வகுக்கிற எண்ணு. இப்ப இதையும் சேத்துக்கங்க." இன்னொரு பித்தானை நகர்த்தினாள். "முப்பத்தேழு. வரிசை வைங்க பாப்போம்."

கொம்பையாவுக்கு இது வேலை. செங்கல் அடுக்கிய கை. சப்பணமிட்டு உட்கார்ந்தார். ரெண்டு ரெண்டாக வைத்தார், ஒன்று மிஞ்சியது. மூன்று மூன்றாக, ஒன்று மிஞ்சியது. நாலு நாலாக, ஒன்று. ஐந்தைந்தாக வைத்தபோது ரெண்டு மிஞ்சியது, ஆறாறாக வைத்தபோது மறுபடி அந்த ஒன்று.

"போதும்ப்பா. அதுக்கு மேல பாக்க வேண்டாம். ஏழேழு நாப்பத்தொம்பது, முப்பத்தேழைத் தாண்டிப்போச்சு. ஏழோ அதுக்கு மேலயோ ஒரு காரணி இருந்தா, அதுக்குச் சோடியா ஏழைவிடச் சின்னதா ஒண்ணு இருந்தாகணும். சின்னதைத்தான் எல்லாம் பாத்தாச்சே."

அவருக்கு அது புரியவில்லை. ஏழேழாக வைத்தார், எட்டெட்டாக வைத்தார், பதினெட்டு பதினெட்டாக வைத்து முடிக்கும்போது முதுகு பிடித்துக்கொண்டது. ஒன்று மிஞ்சியது.

"ஒத்தை வரிசையா வச்சா மட்டும் சரியா வரும்," என்றாள் வடிவு. "ஒண்ணும், முப்பத்தேழும். வேற காரணியே கிடையாது. இதுக்குப் பகா எண்ணுன்னு பேரு. பகுக்க முடியாதது. முப்பத்தாறு மாதிரி இருக்கிறது பகு எண்."

"அது என்ன பாவம் செஞ்சுது, ஒருத்தரும் அதை வகுக்க மாட்டேங்காக?"

"பாவமெல்லாம் இல்லப்பா. அதோட குணம் அது."

"வீட்டுக்கு எப்படித் தெரிஞ்சுது இந்தக் கணக்கு?"

வடிவு பித்தான்களை அள்ளினாள். அவளுக்கும் அது தெரியவில்லை.

ஊர் சும்மா இருக்கவில்லை. அவளை மூன்று நாள் வீட்டைப் பூட்டிவிட்டுத் தாய் வீட்டில் படுக்கச் சொன்னார்கள். படுத்தாள். வீடுகள் அசையவில்லை. நாற்பது ஆக்கிவிட்டால் அஞ்செட்டாக நிற்கலாமே என்று யாரோ யோசனை சொல்ல, மூன்று மாட்டுக்கொட்டிலில் அடுப்பு மூட்டிப் பால் காய்ச்சினார்கள். மாடுகள் மிரண்டன. மறுநாளும் அதே ஒற்றை வரிசை. மனுஷர் இருந்து வாழாத இடத்தை வீடுகள் வீடென்று ஒப்புக்கொள்ளவில்லை. மூன்று புதுக் குடும்பத்துக்கு எங்கே போவது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தண்ணீர்த்தொட்டிக்கு அடியில் கூட்டம் போட்டார்கள்.

"யாரையும் குத்தம் சொல்லல," என்று ஆரம்பித்தார் அய்யாத்துரை. "முப்பத்தாறு வீடா இருந்த வரைக்கும் ஒழுங்கா இருந்துச்சு. புருசன் வீட்டுல இருக்கவேண்டிய பொண்ணு இங்க வந்து தனியா அடுப்பு மூட்டினா, ஊரு கோணாம என்ன செய்யும்? அந்த வீட்டை இடிச்சிருவோம். வடிவு தாய் தகப்பனோட இருக்கட்டும், நாம வேண்டாங்கல."

கொம்பையா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றுவிட்டார். பின்னால் பெண்கள் பக்கமிருந்து வடிவு எழுந்தாள்.

"சித்தப்பா, ஒரு சந்தேகம். முப்பத்தாறு ஆகணும், அவ்வளவுதான? எந்த வீட்டை இடிச்சாலும் முப்பத்தாறுதான். உங்க வீட்டை இடிச்சாலும் முப்பத்தாறுதான்."



"கடைசியா வந்தது உன் வீடுதானம்மா. முப்பத்தேழாவது நீதான," என்றார் அய்யாத்துரை.

"தொட்டியிலிருந்து எண்ணினா முப்பத்தேழாவது உங்க வீடு. கிழக்கே ஓடைப்பக்கமிருந்து எண்ணினா இந்தா, தொட்டிக்குப் பக்கத்து வீடு. என் வீட்டுக்குள்ள முப்பத்தேழுன்னு ஒண்ணு உட்காந்திருக்கல சித்தப்பா. எல்லாரும் சேந்துதான் முப்பத்தேழு."

கூட்டத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பித் தத்தம் வீட்டைப் பார்த்துக்கொண்டார்கள். சிலர் விரல்விட்டு எண்ணினார்கள். எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் குழப்பம்தான் வந்தது. குழப்பம் வந்ததால் கோபமும் வந்தது. கோபத்தோடு, அடுத்த ஞாயிறுக்குள் வடிவின் வீடு இருக்கக்கூடாது என்று முடிவு செய்து எழுந்து போனார்கள். கட்டினவரே இடித்துவிட வேண்டும் என்றும் சொன்னார்கள்.

திங்களும் செவ்வாயும் கொம்பையா யோசித்துக்கொண்டே கிடந்தார். கூட்டத்தில் மகளுக்காக ஒரு வார்த்தை சொல்லாமல் நின்றது அவரை உறுத்தியது. மகள் சொன்னது சரியென்று தெரிந்தது, ஊர் நடக்கிற தூரமும் தெரிந்தது, ரெண்டும் சரியாக இருக்கும்போது தப்பு எங்கே இருக்கிறது என்பது மட்டும் தெரியவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே பருக்கையை வரிசை வைத்தார். பூலம்மா தட்டை நகர்த்தி, "சாப்பிடுங்க முதல்ல," என்றாள்.

புதன்கிழமை காலை, கடப்பாரையும் ஏணியும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். வாசல் வாசலாக ஆட்கள் நின்றார்கள். அவர் கிழக்கே நடப்பார், பதினெட்டு வீட்டைக் கடப்பார் என்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள், அவர் தன் வீட்டுச் சுவரிலேயே ஏணியைச் சாத்துவதைப் பார்த்தார்கள். ஏறினார். முகட்டு ஓட்டை முதலில் கழற்றினார்.

பூலம்மா ஓடிவந்தாள். "என்னங்க செய்யுதீக? கிறுக்குப் பிடிச்சிருச்சா?"

"எந்த வீட்டை இடிச்சாலும் முப்பத்தாறுதானாம். உன் மக சொன்னா. நான் யோசிச்சுப் பாத்தேன், சரியாத்தான் வருது."

"நாம எங்க போக?"

"அவ வீட்டுக்கு."

"மக வீட்டுலயா? நம்ம சனத்துல யாராவது..." என்று ஆரம்பித்தவள், கணவனின் முகத்தைப் பார்த்தாள். அவர் ஓட்டை நீட்டிக்கொண்டு நின்றார். பூலம்மா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, "மெதுவாக் குடுங்க, ஓடு விழுந்துறாம," என்று சொல்லி வாங்கிக் கீழே அடுக்கினாள்.

கிழக்குக் கோடியிலிருந்து அய்யாத்துரை மூச்சு வாங்க ஓடிவந்தார். "அண்ணே, இறங்குங்க. நாங்க சொன்னது இந்த வீட்டை இல்ல."

"இடிக்கத்தான சொன்னீக, இடிக்கேன். இது நான் கட்டின வீடு, அதுவும் நான் கட்டின வீடு. எதுல கடப்பாரை போடணும்னு நான்தான் சொல்லணும்."

"ஊரு என்ன பேசும்? உங்களை வீடில்லாமப் பண்ணிட்டோம்னு..."

"ஏன், அவளைப் பண்ணியிருந்தா பேசாதா?"

அய்யாத்துரை மேல்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டார். வெயிலில் நின்றுகொண்டே இருந்தார்.

இடிக்க நாலு நாள் ஆனது. ரெண்டாம் நாள் சுப்புக்கனி இருபது வீடு தள்ளியிருந்து வந்து, "அண்ணாச்சி, எங்க வீட்டுக்கு முன்னால பதினோரு வருசம் நின்ன வீடு," என்று மட்டும் சொல்லி, கல் சுமக்க ஆரம்பித்தாள். மூன்றாம் நாள் சிலர் வந்தார்கள். நாலாம் நாள், நிலையைப் பெயர்த்தபோது அதன் ஒரு முனையைத் தோளில் தாங்கியவர் அய்யாத்துரை. சனிக்கிழமை மதியம் கடைசிச் சுவர் சரிந்தது.

அன்று பொழுது சாய, மகள் வீட்டு வாசலில் சோற்றுத்தட்டை மடியில் வைத்துக்கொண்டு கொம்பையா வெளியிலேயே உட்கார்ந்திருந்தார். உள்ளே போகக் கால் வரவில்லை. வடிவு கதவருகில் வந்து நின்றாள்.

"உள்ள வாங்கப்பா."

"காத்து வருது இங்க."

"மட்டப்பலகை, தூக்குக்குண்டு எல்லாம் எங்க வைக்கன்னு கேக்கேன். எனக்குத் தெரியாது, நீங்கதான் வந்து காட்டணும்."

அவர் எழுந்து உள்ளே போனார். மிஷினுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி அடித்து, தூக்குக்குண்டை மாட்டினார். கண் கலங்கியதை மகளும் மனைவியும் பார்க்காததுபோல இருந்தார்கள்.

ஞாயிறு விடிந்தபோது வீடுகள் வரிசை மாறியிருந்தன. ஊரே ஆறாறு வரிசை என்று எதிர்பார்த்து ஓடிவந்து பார்த்தால், நாலு வரிசை நின்றது, வரிசைக்கு ஒன்பது. யாருக்கும் பழைய பக்கத்துவீடு கிடைக்கவில்லை.

"இது என்ன வடிவு? முப்பத்தாறுதான ஆச்சு?" என்று தலையைச் சொறிந்தார் கொம்பையா.

"இதுவும் முப்பத்தாறுதாம்ப்பா."

பத்து நாளில் அது மூன்று வரிசையாகி, வரிசைக்குப் பன்னிரண்டானது. ஐப்பசி மழையில் ரெண்டு வரிசையானது. ஒரு தடவை, பழைய நினைப்பு வந்ததுபோல ஆறாறாய் நின்றுவிட்டு, நாலாம் நாளே மறுபடி கலைந்தது. ஒரு தடவை நகர்ந்து ருசி கண்ட வீடுகள் ஓர் இடத்தில் நிற்கவில்லை, முப்பத்தாறுக்குப் பல காரணி, அதனால் பல புத்தி. ஊர் காலையில் எழுந்து, முகம் கழுவும் முன்னால் எட்டிப்பார்த்து, இன்றைக்கு எதிர்வீடு யார் என்று தெரிந்துகொண்டு அதற்கேற்ற முகத்தை வைத்துக்கொண்டது. எப்போதும் யாராவது நடுவரிசையில் மாட்டிக்கொண்டு, காற்று வரவில்லை என்று புழுங்கினார்கள். கார்த்திகை வாக்கில் சுப்புக்கனிதான் முதலில் வாய்விட்டுச் சொன்னாள்: "ஒத்தை வரிசையா இருந்தப்ப எல்லா வீட்டுக்கும் கிழக்கு மலை தெரிஞ்சுது. எல்லாருக்கும் காத்து வந்துது." கேட்டவர்கள் கிழக்கே பார்த்துவிட்டு வேறு பேச்சுக்குப் போனார்கள்.  அப்போது அதே ஒற்றை வரிசையைத் திட்டியது நினைவிருந்ததால் சங்கடமாக இருந்தது.

தை பிறந்தது. அய்யாத்துரை மகனுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார். தனிக்குடித்தனத்துக்கு ஒரு வீடு வேண்டும். கொம்பையாவைத் தேடி அன்று ரெண்டாவது வரிசையில் இருந்த வடிவின் வீட்டுக்கு வந்தவர், உட்காராமல் நின்றார்.

"முப்பத்தேழு ஆகுமே," என்றார் கொம்பையா, கேலியில்லாமல்.

"அதுதாண்ணே. அதைத்தான் கேக்க வந்தேன். உங்ககிட்ட இல்ல." வடிவின் பக்கம் திரும்பினார். "என்னம்மா செய்யலாம்? முப்பத்தெட்டுன்னா?"

"ரெண்டு வரிசை, பத்தொம்பது பத்தொம்பதா. முப்பத்தொம்பதுன்னா மூணு பதிமூணு. நாப்பத்தொண்ணு வந்தா மறுபடி ஒத்தை வரிசைதான் சித்தப்பா. நாப்பத்திமூணும் அப்படித்தான், நாப்பத்தேழும் அப்படித்தான். ஊருன்னா பெருகத்தான் செய்யும். வழியில பகா எண் வந்துகிட்டேதான் இருக்கும்."

"அதுக்கு முடிவே கிடையாதா?"

"கிடையாதுன்னுதான் படிச்சிருக்கேன்."

அய்யாத்துரை அப்போதுதான் உட்கார்ந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். செம்பைக் கீழே வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முப்பத்தேழுல தப்பில்ல சித்தப்பா," என்றாள் வடிவு. "ஒத்தை வரிசை எந்த இடத்துல நின்னுச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். அந்தத் தடத்துல நீளத்துக்கும் குழாய் பதிச்சு, பத்து வீட்டுக்கு ஒரு திருகு வச்சிட்டா, சித்தி முப்பத்தாறு வாசல் நடக்க வேண்டாம்."

அய்யாத்துரை அவளை நிமிர்ந்து பார்த்தார். "இதை ஏம்மா அன்னைக்கே சொல்லல?"

"அன்னைக்கு யாரும் கேக்கலையே."

குழாய் பதிக்க ஊரே மண் வெட்டியது. அது முடிந்ததும் கொம்பையா புது வீட்டுக்கு நூல் பிடித்தார். எங்கே பிடித்தால் என்ன, மறுநாள் அது எங்கே நிற்குமோ என்று தோன்றியது. என்றாலும் மூலைமட்டத்தை மூன்று தடவை சரிபார்த்துத்தான் முதல் கல்லை வைத்தார்.

மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, அந்த வீட்டில் பால் பொங்கி, புதுமாப்பிள்ளையும் பெண்ணும் குடிபுகுந்தார்கள். அன்று சாயங்காலம் கீழக்கல்லுமேட்டில் எல்லாரும் ஆட்டுக்குட்டிகளை வீட்டுக்குள் கட்டினார்கள், கொடித்துணியை எடுத்து மடித்தார்கள், இரவல் வாங்கிய உரலையும் முறத்தையும் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தார்கள். அன்றைக்கு முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நின்ற வீடுகளுக்குப் போய், தூரதேசம் கிளம்புகிறவர்களைப் போலக் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டார்கள்.

"போயிட்டு வாறேன் மதினி."

"எங்க இருப்பீகளோ என்னமோ. பாத்து இருங்க."

"எங்க போகப்போறேன், இதே வரிசையிலதான இருப்பேன். நடந்து வந்தா உங்க வீடு வந்துறப் போகுது."

தங்கபுஷ்பம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்து, வடிவின் கையில் ஒரு தூக்குவாளி பாயசத்தைக் கொடுத்தாள்.  வடிவு வாங்கிக்கொண்டு, வாளியைக் கழுவித் திருப்பிக் கொடுத்தாள்.

விளக்கு வைத்த பிறகு கொம்பையா பாயை விரித்தார். ஒரு பொருள் இருக்கும் இடம் தெரியாவிட்டால் தூக்கம் வராத மனிதர் அவர். வாழ்நாள் முழுக்கச் சுவர் நகராது என்று நம்பிச் சோறு தின்றவர்.

"வடிவு, நாளைக்கு நாம எத்தனாவது வீடா இருப்போம்?"

"தெரியாதுப்பா."

"உன் கணக்குல அது வராதா?"

"வராது. ஒரே வரிசைன்னு மட்டும்தான் வரும். அதுக்குள்ள யாரு எங்கன்னு வராது."

 அவருக்கு அது புரிந்ததுபோலவும் இருந்தது, புரியாததுபோலவும் இருந்தது. போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து, மகள் கதவைத் தாழ் போடும் சத்தம் கேட்கும் முன்னாலேயே தூங்கிப்போனார்.